யானைக் குகையின் 17 வரிகள்: கலிங்க மன்னன் காரவேலனும் சமண நெறியும்

ஒடிசாவின் தலைநகர் புவனேசுவரத்தின் மேற்கு ஓரத்தில், ஒரு சாலையின் இருபுறமும் இரண்டு தாழ்ந்த மணற்கல் குன்றுகள் நிற்கின்றன. ஒன்றுக்கு உதயகிரி என்றும் மற்றொன்றுக்குக் கண்டகிரி என்றும் இன்று பெயர். உதயகிரியில் 18 குகைகளும் கண்டகிரியில் 15 குகைகளும் எண்ணப்பட்டுள்ளன. பெரும்பாலானவை உளிகொண்டு குடைந்த சிறு அறைகளாக இருக்க, உதயகிரியில் உள்ள ஹாத்திகும்பா, அதாவது யானைக் குகை, இயற்கையாகவே அமைந்த ஒரு பெரும் பாறைப் பொந்து. அதன் நெற்றியில் 17 வரிகளில், பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கலிங்கத்தை ஆண்ட காரவேலன் என்ற மன்னனின் வாழ்க்கையை, அவன் பிள்ளைப் பருவம் தொடங்கி 13ஆம் ஆட்சியாண்டு வரை, ஏறத்தாழ ஆண்டு வரிசையில் சொல்லும் கல்வெட்டு அது.

அந்த மன்னனைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி இந்த ஒரே பாறையிலிருந்துதான் வருகிறது. மழையும் வெயிலும் பல எழுத்துகளை அரித்துவிட்டதால், 1820களில் ஆங்கிலேய அதிகாரி ஸ்டர்லிங் இதை உலகறியச் செய்தது முதல் இன்று வரை இதன் வாசிப்பில் சண்டை ஓயவில்லை. 1837இல் இதை வெளியிட்ட ஜேம்ஸ் பிரின்செப், மன்னனின் பட்டப்பெயரான ‘ஐர’ என்பதையே அவன் பெயர் என்று கொண்டார். பகவான்லால் இந்திராஜி 1880களில் மறுபடி படித்த பிறகே காரவேலன் என்ற பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே, இந்தக் கல்வெட்டைக் கொண்டு எதையும் அடித்துச் சொல்பவர்களைச் சற்றுத் தள்ளி நின்று கேட்பது நல்லது. காலத்தைக் கூட இப்படித்தான் கணிக்கிறார்கள்: மகதத்தை ஆண்ட நந்த மரபின் மன்னன் ஒருவன் வெட்டிய கால்வாயைத் தன் 5ஆம் ஆட்சியாண்டில் காரவேலன் தலைநகர் வரை நீட்டினான் என்று கல்வெட்டு கூறுகிறது, அக்கால்வாய் எவ்வளவு பழையது என்பதைச் சொல்லும் ‘திவசசத’ என்ற தொடரை 103 ஆண்டு என்றும் படிக்கலாம், 300 ஆண்டு என்றும் படிக்கலாம். நந்தர் ஆட்சி பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில் முடிந்தது. 300 என்று கொண்டால் காரவேலன் பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டுக்கு வருகிறான். எழுத்தமைதியும் அதற்கே இடம் தருவதால் பலர் அதை ஏற்கிறார்கள், அவனை பொ.ஆ.மு. 2ஆம் நூற்றாண்டில் வைப்போரும் உண்டு.

சமண சமயத்தின் அடிப்படைகளை அறிய விரும்பும் ஒருவருக்கு இந்தக் கல்வெட்டு நல்ல நுழைவாயில் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. சமண நூல்கள் துறவியின் கண்கொண்டு உலகைப் பார்ப்பவை. இந்தப் பாறையோ, துறவியாகாமல் இல்லறத்தில், அதுவும் அரியணையில் இருந்த ஒருவன் அந்நெறியை எப்படிக் கையில் எடுத்தான் என்பதைக் காட்டுகிறது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தைச் சார்ந்தவன் எப்படிப் படை நடத்தினான் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே எழுகிறது.

வணக்கத்தில் இருக்கும் கொள்கை

கல்வெட்டின் முதல் சொற்கள், “நமோ அரஹந்தானம், நமோ சவ சிதானம்” என்பவை. அருகர்களுக்கு வணக்கம், எல்லாச் சித்தர்களுக்கும் வணக்கம் என்று பொருள். இன்றும் சமணர்கள் நாள்தோறும் ஓதும் பஞ்ச நமஸ்காரத்தில் அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று ஐவருக்கு வணக்கம் சொல்லப்படுகிறது. அவற்றுள் முதல் இரண்டு மட்டும் காரவேலன் காலத்துப் பாறையில் இருப்பதால், இன்று நாம் கேட்கும் ஐந்தடி வடிவம் படிப்படியாக வளர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த இரண்டு சொற்களையும் புரிந்துகொண்டால் சமணத்தின் பாதி புரிந்துவிடும். அருகர் என்பவர் உயிரை மறைக்கும் வினைகளை வென்று, முழுதுணரும் அறிவைப் பெற்று, இன்னும் உடலோடு உலகில் இருந்து அறம் உரைப்பவர். இவர்களுள் அறநெறிக்குப் புதிதாகத் துறை அமைத்துத் தருபவரைத் தீர்த்தங்கரர் என்பர். ஒரு கால வட்டத்தில் 24 பேர் தோன்றுவர் என்பதும், இக்காலத்தவருள் முதல்வர் இடபதேவர், 23ஆமவர் பார்சுவநாதர், இறுதியானவர் மகாவீரர் என்பதும் சமண மரபு. சித்தர் என்பவர் எஞ்சிய வினைகளும் உடலும் நீங்கி வீடுபேறு அடைந்த உயிர். நம் ஊரில் சித்தர் என்றவுடன் மூலிகையும் பாடலும் நினைவுக்கு வரும். இந்தச் சித்தர் வேறு. உலகின் உச்சியில், பேரறிவும் பேரின்பமும் மட்டுமே உடையவராக அவர் இருக்கிறார். கீழே நடப்பதில் தலையிடுவதில்லை, வரம் தருவதில்லை.

சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் இல்லை. உலகமும் உயிர்களும் தொடக்கமற்றவை; யாரும் படைத்தவை அல்ல, யாரும் அழிக்கப்போவதும் இல்லை. அப்படியானால் வணக்கம் எதற்கு என்று கேட்கலாம். தான் நடக்க வேண்டிய வழியில் நடந்து முடித்தவரை நினைப்பது மனத்தைச் சீர்ப்படுத்தும் என்பதே சமணர் தரும் விடை. கல்வெட்டின் முதல் வரியிலும் வேண்டுகோள் எதுவும் இல்லை. வெற்றி தா, நாட்டைக் கா என்று அரசன் கேட்கவில்லை. வணங்கிவிட்டு நேராகத் தன் பெயருக்கும் பெருமைக்கும் போய்விடுகிறான்.

உயிரும் வினையும்

சமணம் உலகில் உள்ளவற்றை முதலில் இரண்டாகப் பகுக்கிறது: உயிர், உயிரல்லது. வடமொழியில் இவை சீவம், அசீவம். உயிரின் இயல்பு அறிவு. எல்லையற்ற அறிவும் எல்லையற்ற இன்பமும் அதற்குச் சொந்தமானவை. அவை ஏன் வெளிப்படுவதில்லை என்றால், வினை அவற்றை மூடியிருக்கிறது. இந்த இடத்தில்தான் சமணம் மற்ற இந்தியச் சமயங்களிலிருந்து பிரிந்து நிற்கிறது. வினை என்பதை ஒரு நெறிவிதியாகவோ கடவுள் எழுதும் கணக்காகவோ அது பார்ப்பதில்லை. வினை ஒரு பொருள்; கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள். மனம், சொல், உடல் ஆகியவற்றின் ஒவ்வொரு அசைவும் அந்தத் துகளை உயிரை நோக்கி ஈர்க்கிறது. எண்ணெய் தேய்த்த உடம்பில் புழுதி அப்புவதுபோல, சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற பசை இருந்தால் அந்தத் துகள் உயிரில் ஒட்டிக்கொள்கிறது. பசை இல்லாவிட்டால், உலர்ந்த சுவரில் பட்ட புழுதிபோல உதிர்ந்துவிடுகிறது.

தமிழ்ச் சமணர் இந்த நிகழ்வுக்கு அழகான தமிழ்ச் சொற்களை வைத்திருந்தார்கள். வினை உள்ளே வருவது ஊற்று. அது உயிரோடு பிணைவது கட்டு. வருவதைத் தடுப்பது செறிப்பு. வந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. முற்றும் கழிந்த நிலை வீடு. சமண நூல்கள் இதற்கு ஏரியை உவமையாகச் சொல்வதுண்டு: வரத்து வாய்க்காலை அடைத்துவிட்டு, உள்ளே நிற்கும் நீரை இறைத்தும் வெயிலில் காயவிட்டும் வந்தால், எவ்வளவு பெரிய ஏரியும் ஒருநாள் வற்றும். அடைப்பது ஒழுக்கம், வெயில் தவம். கால்வாயைத் தலைநகர் வரை வெட்டிய காரவேலனுக்கு இந்த உவமை எளிதில் விளங்கியிருக்கும்.

வினை பொருளாக ஒட்டுவது என்றால், யாரும் அதை மன்னித்துத் துடைத்துவிட முடியாது என்பதும் தானே பெறப்படும். குருவின் அருளோ வேள்வியோ அதைக் கரைக்காது. உழைத்துக் கழிக்க வேண்டியவர் அவரவரே. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்ற மூன்றும் சேர்ந்ததே வழி என்று சொல்லி, அவற்றை மும்மணி என்று சமணர் போற்றுவதும் இதனால்தான். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழி இல்லை.

கொல்லாமை ஏன் இவ்வளவு கடுமையாகிறது என்பதும் இங்கிருந்தே விளங்கும். சமணர் கண்ணில் உயிர்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன. மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்களும் செடிகொடிகளும் தொடுபுலன் ஒன்று மட்டுமே உடையவை. புழுவுக்கு இரண்டு புலன், எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு, விலங்குக்கும் மனிதனுக்கும் ஐந்து. தொல்காப்பியத்தின் மரபியலில் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை வகுத்த பகுதியைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது. மனத்தை ஆறாவதாக எண்ணுவதே அதன் வேறுபாடு. எல்லா உயிருக்கும் வலி உண்டு, எல்லா உயிரும் வாழ விரும்புகிறது என்ற எண்ணத்தோடு, பிற உயிரை வருத்தும் செயல் வருத்துபவர் மனத்தில் சினத்தையும் ஆசையையும் கிளறி அவர் உயிரிலேயே வினையைப் படியவைக்கிறது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. கொல்லாமை இரக்கம் மட்டுமன்று, தற்காப்பும் கூட.

அரியணையில் ஒரு சாவகன்

இனி மன்னனிடம் வருவோம். 15 வயது வரை விளையாட்டு. பிறகு எழுத்து, நாணயம், கணக்கு, வழக்கு, நெறிமுறை ஆகியவற்றில் தேர்ச்சி. 9 ஆண்டுகள் இளவரசுப் பதவி. 24 வயது நிறைந்ததும் முடிசூட்டு. முதல் ஆண்டில் புயலால் சிதைந்த கலிங்க நகரத்தின் வாயில்களையும் மதிலையும் செப்பனிட்டான். வங்கக் கடலோரத்தில் புயல் ஒன்றும் புதிய செய்தியில்லை என்றாலும், ஓர் அரசன் தன் ஆட்சிக் கணக்கைப் புயல் நிவாரணத்தில் தொடங்குவது கவனிக்கத்தக்கது. 2ஆம் ஆண்டில் சாதவாகன மன்னன் சாதகர்ணியைப் பொருட்படுத்தாமல் மேற்கே படை அனுப்பினான். 3ஆம் ஆண்டில் ஆடல், பாடல், இசை, விழா என்று நகரத்தாரை மகிழ்வித்தான், தானும் இசைநூலில் வல்லவன் என்கிறது கல்வெட்டு. 8ஆம் ஆண்டில் மகதத்தில் உள்ள கோரதகிரியைத் தாக்கி, அந்நாட்டின் பழைய தலைநகர் ராசகிருகத்தை நெருக்கினான். 11ஆம் ஆண்டில் பிதுண்டம் என்ற நகரைக் கழுதை பூட்டிய ஏரால் உழுதான் என்று பெரும்பாலோர் படிக்கின்றனர். பகைவர் ஊரைக் கழுதை ஏரால் உழுவது எவ்வளவு பெரிய இழிவு என்பதைப் புறநானூறு படித்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 12ஆம் ஆண்டில் வடக்கே சென்று, தன் யானைகளைக் கங்கையில் நீர் குடிக்கவைத்து, மகத மன்னனைத் தன் காலில் விழச் செய்தான்.

இதையெல்லாம் செய்தவன் எப்படி அருகரை வணங்க முடியும்? இந்தக் கேள்விக்குச் சமண நூல்களில் இருக்கும் விடையை முதலில் பார்ப்போம். சமணம் ஒரே அளவுகோலை எல்லாருக்கும் வைப்பதில்லை. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பாலொழுக்கம், பொருள் மிகை விரும்பாமை என்ற ஐந்து விரதங்களும் துறவிக்கு மகாவிரதங்கள். அவற்றில் தளர்ச்சிக்கு இடமில்லை. நடக்கும்போது எறும்பு மிதிபடாமல் பார்த்து நடக்க வேண்டும், தன்னிடம் உடைமை வைத்துக்கொள்ளக் கூடாது. அதே ஐந்தும் இல்லறத்தாருக்கு அணுவிரதங்கள், அதாவது சிறு விரதங்கள். பாலொழுக்கம் துறவிக்கு முழுத் துறவாகவும் இல்லறத்தானுக்குப் பிறன்மனை நயவாமையாகவும் அமைகிறது. பொருளும் அப்படியே: துறவிக்கு ஒன்றுமில்லை, இல்லறத்தான் தனக்குத் தானே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதற்குமேல் சேர்க்காமல் இருக்க வேண்டும். இந்த இல்லறச் சமணரைச் சிலப்பதிகாரம் சாவகர் என்று குறிப்பிடும். காரவேலனின் கல்வெட்டு அவனை ‘உவாசக’ என்கிறது. அதுவும் சமண இல்லறத்தானைக் குறிக்கும் சொல்லே.

பிற்காலச் சமண அற நூல்கள் இல்லறத்தான் செய்யும் கொலையை மேலும் பகுத்தன. வேண்டுமென்றே செய்யும் கொலை, சமைத்தல், பெருக்கல் போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது, உழவு முதலிய தொழிலில் நேர்வது, தாக்க வந்தவனைத் தடுப்பதில் நேர்வது என்று நான்கு. முதலாவதைச் சாவகன் கட்டாயம் விலக்க வேண்டும். மற்றவற்றை இயன்ற அளவு குறைத்துக்கொண்டால் போதும். சமண அரசர்களும் படைத்தலைவர்களும் இந்தியாவில் பல நூற்றாண்டுகள் இருந்ததற்கு இந்தப் பகுப்பே இடம் தந்தது.

இந்த விடை காரவேலனுக்கு முழுமையாகப் பொருந்துமா என்றால், பொருந்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது. கங்கை வரை படை நடத்தியதும் பிறர் ஊரை உழுததும் தற்காப்பு ஆகா. கல்வெட்டை எழுதியவரும் அப்படி நியாயம் கற்பிக்கவில்லை. வெற்றிகளை எந்தக் கூச்சமும் இல்லாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். யானைக் குகையிலிருந்து 10 கிலோமீட்டர் அளவில் உள்ள தௌலியில் அசோகனின் பாறைக் கட்டளைகள் இருக்கின்றன. கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதற்கும் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டதற்கும் வருந்தி அசோகன் பேசும் 13ஆம் கட்டளையை, கலிங்க மக்களின் கண்ணில் படும் தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்காமல் விட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் அந்த வருத்தத்துக்கு நிகரான ஒரு சொல்கூடக் காரவேலனிடம் இல்லை. அவன் போரைத் துறந்து சமணத்துக்கு வந்தவன் அல்லன். அவனுடைய குடியே முன்பிருந்து அருகரை வணங்கியிருக்கலாம் என்று எண்ண வைக்கும் ஒரு செய்தி 12ஆம் ஆண்டில் இருக்கிறது.

‘கலிங்க ஜினம்’ என்பது அந்தச் செய்தி. நந்த மன்னன் ஒருவன் கலிங்கத்திலிருந்து எடுத்துச் சென்ற ஜினரின் திருவுருவத்தை, மகதத்தை வென்ற காரவேலன் திரும்பக் கொண்டுவந்தான் என்று அந்த வரியைப் பெரும்பாலான அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஜினர் என்றால் வென்றவர். வென்றது புலன்களையும் வினையையும். ஜைனம் என்ற பெயரே அச்சொல்லிலிருந்து வந்தது. இந்த விளக்கம் சரியானால் இரண்டு முடிவுகள் கிடைக்கும். நந்தர் காலமாகிய பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கலிங்கத்தில் தீர்த்தங்கரர் உருவத்தை வைத்து வணங்கினார்கள் என்பது ஒன்று. அந்த உருவம் நாட்டின் மானமாகவும் கருதப்பட்டது என்பது மற்றொன்று. வெற்றியின் அடையாளமாகத் தெய்வ உருவங்களைக் கவர்ந்து செல்வது இந்திய அரசர்களின் பழைய வழக்கம். ஆக, உடைமை எதுவும் இல்லாத, யார் வெற்றிக்கும் தோல்விக்கும் அசையாத ஜினரின் உருவம், இரண்டு அரசுகளுக்கிடையே உரிமைப் பொருளாக அலைந்திருக்கிறது.

13ஆம் ஆண்டு

சமண நோக்கில் கல்வெட்டின் உயிர்நிலை 13ஆம் ஆண்டுதான். அவ்வாண்டில் குமரி மலையில், அதாவது இந்தக் குன்றில், பிறவியைக் கழித்துவரும் அருகநெறித் துறவிகளுக்குக் காரவேலன் அரசு மானியமும் ஆடைகளும் தங்குமிடமும் அளித்தான். பல திசைகளிலிருந்தும் வந்த துறவிகளும் அறிஞர்களும் கூடிய ஒரு கூட்டத்தைப் பற்றியும், வைடூரியம் பதித்த தூண்களைப் பற்றியும் அடுத்த வரிகள் பேசுகின்றன. மறைந்துகொண்டிருந்த சமண ஆகமங்களை, அதாவது மறைநூல்களை, அந்தக் கூட்டத்தில் தொகுத்தான் என்று வரலாற்றறிஞர் ஜயஸ்வால் படித்தார். அதே எழுத்துகளை இசைக்கருவிகள் பற்றியவையாகப் படித்தவர்களும் இருப்பதால், ஆகமத் தொகுப்பை உறுதியான வரலாறாகச் சொல்வதற்கில்லை.

துறவிக்குக் குகை கொடுப்பது ஏன் இவ்வளவு பெரிய அறம்? சமணத் துறவிக்குச் சொந்த இடம் கிடையாது. ஓரிடத்தில் நிலைத்தால் பற்று வளரும் என்பதால் அவர் ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் அது முடியாது. ஈர மண்ணில் புல் முளைத்து, பூச்சியும் புழுவும் பெருகிக் கிடக்கும்போது நடந்தால் ஒவ்வொரு அடியிலும் உயிர்க்கொலை நேரும். ஆகவே அந்த 4 மாதங்களும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது விதி. கொல்லாமையைத் துறவி தன் காலடியில் காக்கிறார். அதற்கு வேண்டிய கூரையைச் சாவகன் தருகிறான். உதயகிரியின் அறைகள் பலவற்றில் நிமிர்ந்து நிற்க முடியாது. தரை பின்புறமாகச் சற்று உயர்ந்து தலையணைபோல் அமைந்திருக்கும். அதே குன்றில் உள்ள ராணி கும்பா இரண்டு அடுக்கும் வரிவரியாகச் சிற்பங்களும் கொண்டது; வெளிச்சுவரில் யானையும் போரும் ஆடலும், உள்ளே வெறும் கல்தரை. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சுவர் தெளிவாகக் காட்டுகிறது.

இதே வழக்கம் அதே காலத்தை ஒட்டித் தமிழ்நாட்டிலும் இருந்தது. மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக் குகையில், நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததைத் தமிழ் பிராமிக் கல்வெட்டு கூறுகிறது. அரசன் பெயர், கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், கொடுத்த பொருள்; அவ்வளவுதான் அதில் உண்டு. காரவேலனோ 13 ஆண்டு வரலாற்றைச் சொல்லிவிட்டுத்தான் தானத்துக்கு வருகிறான்.

13ஆம் ஆண்டின் வரி முடியும் இடத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. வழிபாட்டில் ஈடுபட்ட சாவகனாகிய காரவேலன் ‘ஜீவ தேக’ என்பதைப் பற்றி ஏதோ செய்தான் என்பது வரை தெளிவு. அடுத்த எழுத்துகளை ‘சிரிகா பரிகிதா’ என்று ஒருசாரார் படிக்கிறார்கள். உயிரின் இயல்பையும் உடலின் இயல்பையும் அவன் ஆராய்ந்து தெளிந்தான் என்று அப்போது பொருள்படும். கல்வெட்டறிஞர் தினேஷ் சந்திர சர்க்கார் போன்றோர் ‘சயிகா பரிகாதா’ என்று படித்தார்கள். துறவிகள் உடல் சாய்க்கும் படுக்கை இடங்களை அவன் குடைவித்தான் என்று அப்போது ஆகும். முதல் வாசிப்பு சமணக் கொள்கையின் வாயிலைத் திறக்கிறது. ஏனெனில் உயிர் வேறு, உடல் வேறு என்று உணர்வதே நற்காட்சியின் தொடக்கம். இரண்டாவது வாசிப்பு ஒரு கட்டுமானக் குறிப்பு. கேட்க இனிமையானது முதலாவது என்றாலும், குகைகள் கண்முன் இருப்பதாலும் வரி முழுவதும் தங்குமிடத்தைப் பற்றியே பேசுவதாலும் நான் இரண்டாவதின் பக்கம் சாய்கிறேன்.

கல்வெட்டின் கடைசி வரி அவனை எல்லாச் சமயத்தாரையும் போற்றுபவன், எல்லாத் தெய்வக் கோயில்களையும் பழுது பார்ப்பவன் என்கிறது. இதைச் சமணத்தின் அநேகாந்தக் கொள்கையோடு இணைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அநேகாந்தம் என்பது பொருள் ஒவ்வொன்றுக்கும் எண்ணற்ற பக்கங்கள் உண்டு, முழுதுணர்ந்தவர் தவிர யாரும் அவற்றை ஒருசேரக் காண முடியாது, ஆகவே நம் கூற்று எதுவும் ஒரு நோக்கில் மட்டுமே உண்மை என்ற கொள்கை. ஒரே குடத்தைப் பார்த்து, மண் என்ற வகையில் நிலையானது என்றும், குடம் என்ற வடிவில் அழியக்கூடியது என்றும் சொன்னால் இரண்டும் அந்தந்த நோக்கில் சரி. தருக்க முறையாக இது நன்கு வளர்ந்தது காரவேலனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்பு. மேலும், பௌத்தனாகிய அசோகனும் எல்லாச் சமயத்தாரையும் போற்றுவதாகத் தன் கட்டளைகளில் கூறினான். பராபர் குன்றில், ஆசீவகம் என்ற வேறொரு சமயத்தின் துறவிகளுக்குக் குகைகளும் கொடுத்தான். பல சமயத்தார் வாழும் நாட்டை ஆள்பவன் எல்லாரையும் ஆதரிப்பது அக்கால அரசநெறி. காரவேலனின் கடைசி வரியை அந்த நெறியில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம்.

தமிழர் இந்தக் கல்வெட்டை நாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 11ஆம் ஆண்டில், தன் நாட்டுக்கு அச்சமாக இருந்த ‘தமிர’, அதாவது தமிழ்க் கூட்டணியைக் காரவேலன் உடைத்ததாகவும், 12ஆம் ஆண்டில் பாண்டிய மன்னனிடமிருந்து முத்தும் மணியும் வரவழைத்ததாகவும் அது சொல்கிறது. அந்தக் கூட்டணியின் வயதை 113 ஆண்டு என்றும் 1,300 ஆண்டு என்றும் படிக்கிறார்கள். 1,300 என்பதைப் பெருமைக்காகப் பற்றிக்கொள்வோர், அவ்வளவு நீண்ட காலம் ஒரு கூட்டணி நீடிக்குமா என்ற இடர்ப்பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. சேர சோழ பாண்டியர் மூவரும் சேர்ந்து காக்கும் வடபுலத்தைப் பற்றி அகநானூற்றில் மாமூலனார் பாடியிருப்பதை இதனோடு ஒப்பிடுவதுண்டு. எப்படியாயினும், கூட்டணியை உடைத்தான் என்பது தமிழ்நாட்டை வென்றான் என்பதாகாது. கல்வெட்டும் அப்படிச் சொல்லவில்லை.

13ஆம் ஆண்டோடு கதை நின்றுவிடுகிறது. அப்போது அவனுக்கு வயது 37 அளவில் இருக்கும். சந்திரகுப்த மௌரியன் முடி துறந்து, பத்திரபாகு முனிவரோடு தெற்கே சிரவணபெளகொளவுக்கு வந்து உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான் என்று சமண மரபு கூறுவதுபோல், காரவேலனுக்கு எந்தத் துறவுக் கதையும் வாய்க்கவில்லை. ‘பிக்கு ராசன்’ என்று கல்வெட்டு அவனுக்கு ஒரு பட்டம் தந்தாலும், கல்லில் தெரியும் அவன் கடைசி வரை சாவகனே.

யானைக் குகைக்குச் சற்றுத் தள்ளி மஞ்சபுரி என்ற குகையின் மேல்தளத்தில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. லாலாகன் என்பவனின் மகளும் காரவேலனின் பட்டத்தரசியுமாகிய ஒரு பெண், அருகநெறி நிற்கும் கலிங்கச் சமணர்களுக்காக இந்தக் குகையைச் செய்வித்தாள் என்று அது கூறுகிறது. அவள் பெயரை அது சொல்லவில்லை, போரையும் சொல்லவில்லை.